மூலைச்சாமி ஒப்புதல் அளித்த வரலாறு

மனித குலத்தின் மாபெரும் சாதனைகளை வரிசைப்படுத்தச் சொன்னால் நெருப்பு, சக்கரம், மரபு மேம்பாட்டு அலுவலகம் என்றுதான் வரிசைப்படுத்த வேண்டும். முதல் இரண்டும் இல்லாமல்கூட எப்படியோ ஒப்பேற்றியிருக்கலாம். மூன்றாவது இல்லாவிட்டால் நமக்கு மரபு என்று ஒன்று இருந்த விஷயமே தெரியாமல் போயிருக்கும். உயிரோடு நடமாடும் ஒன்றை யாரும் மரபு என்று சொல்வதில்லை. வழக்கம் என்று சொல்லிவிட்டு வேலையைப் பார்க்கப் போய்விடுகிறார்கள். அலுவலகம் அதைக் கண்டுபிடித்து, அளந்து, படமெடுத்து, அதற்கு ஒரு கோப்பு திறந்து, அது கடைசி மூச்சை இழுத்துக்கொண்டிருக்கும் நிலைக்கு வந்த பிறகே அதற்கு 'மரபு' என்ற பட்டம் கிடைக்கிறது. இவ்வளவு பொறுமையான தொண்டை வேறு யாராலும் செய்ய முடியாது.

இந்தத் தொண்டில் அலுவலகத்தின் ஓவியருக்குப் பெரும் பங்குண்டு. தரைத்தளத்தில், மாடிப்படிக்கு அடியில், துடைப்பங்களும் ஓடாத மின்விசிறிகளும் கிடக்கும் அறைதான் அவருடைய 'கலைக்கூடம்'. கழிப்பறைக்கு வழிகாட்டும் அம்புக்குறி, விழா மேடையின் பின்னணித் திரை, இயக்குநர் அறையின் பெயர்ப்பலகை எல்லாம் அவர் கைவண்ணம். ஆனால் தன்னைப் பலகை எழுதுகிறவராக அவர் நினைத்துக்கொண்டதே இல்லை. தான் ஓர் அஞ்சாநெஞ்சர் என்பது அவருடைய தீர்மானம். வாயால் திட்டுகிறவன் சாதாரண மனிதன், தூரிகையால் திட்டுகிறவன்தான் கலைஞன் என்பார். ஒருமுறை விடுப்பு மறுக்கப்பட்டபோது இயக்குநரை எருமைமாடாக வரைந்தார். வரைந்த கையோடு கதவைத் தாழிட்டுக்கொண்டு ஆசை தீர ரசித்தார். பிறகு அதைச் சுக்குநூறாகக் கிழித்து, வெவ்வேறு தளங்களிலுள்ள குப்பைத்தொட்டிகளில் பிரித்துப் போட்டார். அவ்வளவு துணிச்சல் அவருக்கு.

அவருக்கு ஒரே ஓர் அக்கா. அம்மா அப்பா போன பிறகு, தம்பியை இஸ்திரிப் பெட்டியைப் பிடித்தே வளர்த்து ஆளாக்கியவள். முதல் வண்ணப்பெட்டியை வாங்கிக் கொடுத்தவளும் அவள்தான். இன்றும் அலுவலகத்துக்கு எதிரே, பேருந்துப் பணிமனைச் சுவரை ஒட்டித்தான் அவளுடைய இஸ்திரி வண்டி நிற்கிறது. அலுவலகத்தில் மடிப்புக் கலையாமல் நடமாடும் அத்தனை சட்டைகளும் அவள் கை பட்டவை. அக்கா அதிகம் பேசமாட்டாள். "என்னம்மா, காலர் சரியா மடியலையே" என்று யாராவது அதட்டினால் வாங்கி மறுபடியும் தேய்ப்பாள். ரோட்டில் போகிறவன் வண்டியில் இடித்துவிட்டு அவளையே முறைத்தால்கூட வண்டியை நகர்த்திக்கொள்வாளே தவிர வாயைத் திறக்கமாட்டாள்.

அவள் வாய் திறப்பது ஒரே இடத்தில்தான். தெரு திரும்பும் மூலையில், ஒரு மரத்தடியில், முழங்கால் உயரத்துக்கு ஒரு கல் உண்டு. அதுதான் மூலைச்சாமி. முகம் கிடையாது, கூரை கிடையாது, பூசாரி கிடையாது, நடை திறக்கும் நேரம், சாத்தும் நேரம் எதுவும் கிடையாது. அவரை யாரும் கும்பிடுவதும் கிடையாது. திட்டுவார்கள். மூலைச்சாமி நல்லவர்தான், ஆனால் சரியான சோம்பேறி, நாலு வார்த்தை நறுக்கென்று கேட்டால்தான் எழுந்திருப்பார் என்பது அந்தத் தெருவின் அசைக்க முடியாத நம்பிக்கை. சைக்கிளைப் பறிகொடுத்தவன் நேரே மரத்தடிக்கு வந்து, "யோவ், உன் எதிர்லதானேய்யா நிறுத்திட்டுப் போனேன்? கண்ண எங்க வெச்சிருந்த?" என்பான். மாமியாரிடம் பட்டவள், மகனிடம் பட்டவள், பதவி உயர்வு கிடைக்காத எழுத்தர் என்று ஆளாளுக்கு வந்து தொண்டை கட்டும்வரை கத்துவார்கள். கத்தி முடித்ததும் எதிரே இஸ்திரி வண்டியில் அக்காவுக்கு உடம்பு உதறும். கண்கள் மூடிக்கொள்ளும். சாமி வந்துவிட்டார் என்று அர்த்தம். வந்தவர் சும்மா வரமாட்டார், வாங்கியதற்கு மேல் திருப்பித் தருவார்.

"சைக்கிளப் பூட்டுனியாடா?"

"இல்ல சாமி."

"பூட்ட மாட்ட. பொண்டாட்டி சொன்னா கேக்க மாட்ட. எட்டு ஊருக்குக் கேக்குற மாதிரி என்னை மட்டும் திட்டுவ. பொழுது விடியறதுக்குள்ள பணிமனைக்குப் பின்னாடி போய்ப் பாரு. கெடச்சா பூட்டு வாங்கு, கெடைக்கலன்னா நடந்து போ. தொப்பையாவது குறையும்!"

பணிமனையில் அலறும் ஹாரன்களையெல்லாம் அமுக்கிக்கொண்டு அந்தக் குரல் எழும்பும். வாங்கிக் கட்டிக்கொண்டவன் சிரித்த முகமாக வீட்டுக்குப் போவான். அக்கா ஒரு செம்பு தண்ணீரைக் குடித்துவிட்டு, விட்ட சட்டையிலிருந்து தேய்க்கத் தொடங்குவாள். ஓவியர் கலைக்கூடத்தின் ஜன்னல் வழியாக இதையெல்லாம் பார்த்துக்கொண்டிருப்பார். மூலைச்சாமி உண்டா இல்லையா என்ற ஆராய்ச்சியில் அவருக்கு அக்கறை இல்லை. வாரம் முழுக்க விழுங்கி வைத்ததையெல்லாம் அக்கா கொட்டித் தீர்ப்பது அங்கேதான் என்பது மட்டும் அவருக்குத் தெரியும். அந்தக் குரலைக் கேட்கும்போதெல்லாம் அவருக்கு அக்காமீது பாசம் பொங்கும்.

இந்த நிலையில்தான் அலுவலகத்தின் மேம்பாட்டுப் பார்வை மூலைமீது விழுந்தது. வாகனம் நிறுத்த இடம் போதவில்லை, மரம் குறுக்கே நிற்கிறது. வேறு அலுவலகமாக இருந்தால் ராவோடு ராவாக மரத்தை வெட்டியிருக்கும். மரபு மேம்பாட்டு அலுவலகம் அப்படிச் செய்யலாமா? மரபை அகற்ற அதற்கு அதிகாரமில்லை. 'உள்வாங்க' மட்டுமே அதிகாரம் உண்டு. ஆகவே கல்லைப் பெயர்த்துக் கொண்டுவந்து, புதிதாகக் கட்டிய வரவேற்புக் கூடத்தில், குளிர்சாதன வசதியுள்ள கண்ணாடிப் பெட்டிக்குள் குடியமர்த்துவது என்று தீர்மானமாயிற்று. சாமி உள்ளே வந்த பிறகு வெளியே மரத்துக்கு என்ன வேலை?

தெரு சும்மா இருக்குமா? பணிமனை மெக்கானிக் தலைமையில் ஒரு கூட்டம் வந்து இயக்குநர் அறையை அடைத்துக்கொண்டு நின்றது.

"சாமி கூரைக்குக் கீழ வராது சார்," என்றார் மெக்கானிக். "மழை கொட்டுனப்ப யாரோ ஒரு தகரம் வெச்சாங்க. அன்னையிலிருந்து ஒரு பேச்சு இல்ல. தகரத்த எடுத்தப்புறம்தான் வாயத் திறந்துச்சு. தகரம் வெச்சவனுக்கு நல்லா குடுத்துச்சு."

இயக்குநர் ஜனநாயகத்தில் ஊறியவர். "வராதுன்னு நீங்க சொல்றீங்க, வரும்னு நாங்க சொல்றோம். நாம ஏன் சண்டை போடணும்? சம்பந்தப்பட்டவர்கிட்டயே கேட்டுடலாமே!" என்றார்.

அப்படித்தான் அந்த வரலாற்றுச் சிறப்புமிக்க ஒப்பந்தம் உருவாயிற்று. கூடத்தின் திறப்பு விழாவில் அக்கா உள்ளே வந்து நிற்க வேண்டும். விழா முடிவதற்குள் கூரைக்குக் கீழே அவள்மேல் சாமி வந்துவிட்டால் புது முகவரிக்குச் சாமி ஒப்புதல் அளித்ததாகக் கொள்ளப்படும். வராவிட்டால் கல்லும் மரமும் இருந்த இடத்திலேயே இருக்கும், அலுவலகம் அந்தப் பக்கம் தலைவைத்தும் படுக்காது. மெக்கானிக் சிரித்துக்கொண்டே சம்மதித்தார்.

"நீ கவலப்படாதடா," என்றாள் அக்கா, தம்பியிடம். "அங்க போய் வாயே திறக்காம நின்னுட்டு வந்துடறேன். வாயத் திறக்காம நிக்கிறது எனக்குப் பெரிய வேலையா?"

விஷயம் இவ்வளவு எளிது. அக்கா சும்மா நின்றால் போதும், தம்பி சும்மா இருந்தால் போதும். ஆனால் அஞ்சாநெஞ்சர்களால் சும்மா இருக்க முடியுமா? கூடத்தின் பெரிய சுவருக்கு 'மக்கள் வழிபாடு: நேற்று, இன்று, நாளை' என்று ஓர் ஓவியம் தீட்டும் பொறுப்பு அவரிடம் வந்து சேர்ந்தது. இந்த ஓவியத்தாலேயே இவர்களை நாக்கைப் பிடுங்கிக்கொள்ள வைக்கிறேன் பார் என்று கறுவிக்கொண்டு வண்ணத்தைக் குழைத்தார்.

உண்மையைச் சொன்னால் அது அபாரமான ஓவியம். நடுவில் மூலைச்சாமி ஒரு சுழல் நாற்காலியில், கழுத்தில் அடையாள அட்டையோடு உட்கார்ந்திருந்தார். கல்லுக்குக் கண் இல்லாவிட்டாலும் அவர் கடிகாரத்தைப் பார்த்துக்கொண்டிருப்பது தெரிந்தது. எதிரே டோக்கன் பிடித்தபடி ஒரு நீண்ட வரிசை. வரிசையில் நின்றவர்கள் கைக்குட்டையால் வாயைப் பொத்திக்கொண்டு திட்டினார்கள். அவர்கள் தலைக்கு மேல் சத்தம் அளக்கும் கருவி ஒன்று சிவப்பு விளக்கை எரியவிட்டது. ஓரத்தில் அக்கா, கட்டைவிரலை வருகைப்பதிவு இயந்திரத்தில் அழுத்தியபடி, கண்ணை மூடி, வாயை ஆவென்று திறந்து நின்றாள். அந்த வாயிலிருந்து அருள்வாக்கு வரவில்லை, நீளமாக ஒரு ரசீது வந்துகொண்டிருந்தது. வானத்தில், மேகங்களின் மேல், தலையைச் சுற்றி ஒளிவட்டத்தோடு இயக்குநரும் குழுவினரும் வீற்றிருந்து ரப்பர் முத்திரை பிடித்த கையால் ஆசி வழங்கினார்கள்.

தேர்வுக் குழு ஓவியத்தின்முன் கூடியது. இயக்குநர் நெடுநேரம் பார்த்தார். கண்ணாடியைக் கழற்றித் துடைத்துக்கொண்டு மறுபடியும் பார்த்தார். வேலை போனாலும் பரவாயில்லை என்று ஓவியர் ஒரு நொடி நினைத்தார். அடுத்த நொடி, போகாமலிருந்தால் நல்லது என்றும் நினைத்தார்.

"ஆர்ட்டிஸ்ட்," என்றார் இயக்குநர். குரல் தழுதழுத்தது. "என் சர்வீஸ்ல நம்ம ஆபீஸ இவ்வளவு சரியா புரிஞ்சுக்கிட்ட ஆளப் பாத்ததில்ல."

"சார்?"

"டோக்கன்! இது ஏன் நமக்குத் தோணல? மூலையில ஒரே சமயத்துல நாலு பேர் கத்துறாங்க. சாமி யாருக்குன்னு பதில் சொல்லும்?"

ஆய்வு அலுவலர் அம்மாளும் நெகிழ்ந்துபோயிருந்தார். "அந்த ரசீதுதான் சார் இதுல உச்சம். வாய்மொழி மரபு எழுத்து மரபா மாறுற கணம். நான் இதப் பத்தி ஒரு கட்டுரையே எழுதலாம்."

கணக்கு அலுவலர் மட்டும் முகத்தைச் சுளித்தார். ஓவியருக்குப் போன உயிர் திரும்பி வந்தது. ஒருவருக்காவது சுருக்கென்று தைத்திருக்கிறதே!

"இந்தச் சாமி என்ன கிரேடு?" என்றார் கணக்கு அலுவலர்.

"ஏன் கேக்கிறீங்க?"

"கை வெச்ச நாற்காலியில உக்காத்தி வெச்சிருக்காரு. கை வெச்ச நாற்காலி கண்காணிப்பாளருக்கு மேலதான். தணிக்கையில கேட்டா நான் என்ன பதில் சொல்றது?"

குழு கவலையில் ஆழ்ந்தது. சாமி எப்போது பணியில் சேர்ந்தார் என்று ஓவியரிடம் விசாரித்தார்கள். அவருக்குத் தெரியவில்லை. தன் தாத்தா பிறப்பதற்கு முன்பே சாமி இருந்திருக்கிறார் என்று மட்டும் சொன்னார். "அப்ப சீனியாரிட்டி இருக்கு," என்று ஆறுதலடைந்தார் இயக்குநர். நீண்ட விவாதத்துக்குப் பின், மூலைச்சாமி 'கண்காணிப்பாளர் நிலைக்கு இணையானவராகக் கருதப்படுவார், ஆயினும் பதவி உயர்வு கோர இயலாது' என்று முடிவாயிற்று. நாற்காலிக்குக் கை நிலைத்தது.

ஓவியர் தொண்டையைச் செருமிக்கொண்டார். அவர் வாழ்க்கையிலேயே மிகத் துணிச்சலான வாக்கியம் இப்போது அவர் வாயில் இருந்தது. "சார், இந்தப் படத்துல... வந்து... ஒரு கருத்து இருக்கு சார்."

"ஒரு கருத்தா? அங்குலத்துக்கு அங்குலம் இருக்கு! நீங்க அடக்கமா பேசாதீங்க," என்று முதுகில் தட்டினார் இயக்குநர்.

அடுத்த வாரமே சுழல் நாற்காலி வந்து இறங்கியது. பின்னாலேயே டோக்கன் இயந்திரமும், சத்தம் அளக்கும் கருவியும் வந்தன. ஓவியருக்கு ஆத்திரம் தலைக்கேறியது. கதவைத் தாழிட்டுக்கொண்டு ஓவியத்தை இன்னும் காரமாக்கினார். சாமியின் வாய் இருக்க வேண்டிய இடத்தில் அலுவலக முத்திரையிட்ட ஒரு பட்டையை ஒட்டினார். ஒரு பக்கம் நிஜ மரத்தை நாலு பேர் பாடையைப்போலத் தூக்கிக்கொண்டு போக, மறுபக்கம் இயக்குநர் ஒரு பிளாஸ்டிக் மரத்துக்குப் பூவாளியால் தண்ணீர் ஊற்றினார். இதற்குமேலும் புரியாவிட்டால் அது மனித மூளையே இல்லை என்று நினைத்தார்.

"மௌனம்!" என்றார் ஆய்வு அலுவலர் அம்மாள், பட்டையைக் காட்டி. "ஆன்மிகத்தோட கடைசிப் படி."

"இந்த பிளாஸ்டிக் மரம் எந்தக் கடையில கிடைக்கும் ஆர்ட்டிஸ்ட்?" என்றார் இயக்குநர். "எலை கொட்டாது, குருவி எச்சம் போடாது. தண்ணி ஊத்தினாலும் கெட்டுப்போகாது இல்ல?"

ஓவியர் வாயைத் திறந்தார். வாய் தானாகவே, "பெரிய கடைத்தெருவுல கிடைக்கும் சார்," என்றது.

வீட்டில் அக்காவிடம் மட்டும் வீரம் குறையாமல் விவரித்தார். "அவங்கள நாறடிச்சிருக்கேங்கா. பாரு, திறப்பு விழா அன்னைக்கு வர்றவங்க எல்லாம் விழுந்து விழுந்து சிரிக்கப் போறாங்க. மூலையத் தொடணுங்கிற நெனப்பே இவங்களுக்கு வராது."

"நீ அவங்க கிட்டயே நேரா சொல்லிட்டா என்னடா? வேண்டாம்னு?"

"உனக்குக் கலை புரியாதுக்கா."

அவளுக்குப் பல விஷயங்கள் புரியாது என்று தம்பி படித்த நாளிலிருந்தே சொல்லிவந்தார், அவளும் நம்பிவந்தாள்.

திறப்பு விழா வந்தது. தலைமையகத்திலிருந்து வந்த சிறப்பு விருந்தினர் ரிப்பன் வெட்டினார். தெருக்காரர்களுக்கு ஆளுக்கொரு டோக்கன் கொடுத்துக் கண்ணாடிக் கதவுக்கு வெளியே நிறுத்தியிருந்தார்கள். உள்ளே காலிக் கண்ணாடிப் பெட்டி, அதற்குள் சுழல் நாற்காலி, பக்கத்தில் பளபளவென்று பிளாஸ்டிக் மரம். பெட்டியின் அருகே அக்கா நின்றாள். ஊரார் துணியையெல்லாம் தேய்த்தவள், அன்றுதான் தன் துணியைத் தேய்த்து உடுத்தியிருந்தாள். கழுத்தில் 'அருள்வாக்கு உதவியாளர் (தற்காலிகம்)' என்று ஓர் அட்டையை மாட்டிவிட்டிருந்தார்கள். அவள் உதட்டை இறுக்கிக்கொண்டு தரையைப் பார்த்தபடி நின்றாள்.

சுவரிலிருந்து திரை விலகியது. விருந்தினர் ஓவியத்தைப் பார்த்தார், தலையைச் சாய்த்துப் பார்த்தார், பிறகு கை தட்டினார். "பிரமாதம்! எங்க தலைமையகத்துக்கும் இதே மாதிரி ஒண்ணு வேணும். மேகத்துல மட்டும் எங்க ஆளுங்க முகத்தப் போட்டுடுங்க." ஓவியருக்கு ஒரு கேடயம் வழங்கப்பட்டது. கனமான கேடயம். அதை அவர் இரண்டு கைகளாலும் வாங்கிக்கொண்டு குனிந்து நிமிர்ந்தார். புகைப்படக்காரர் சிரிக்கச் சொன்னார், சிரித்தார்.

பிறகு எல்லோரும் சாமிக்காகக் காத்திருந்தார்கள். குளிர்சாதனம் உறுமியது. நேரம் நகர்ந்தது. அக்கா அசையவில்லை. இயக்குநர் பக்கத்தில் வந்து, "அம்மா, கொஞ்சம் முயற்சி பண்ணுங்களேன்," என்று கெஞ்சினார். அக்கா தலையை ஆட்டினாள். விருந்தினர் கொட்டாவி விட்டார். கதவுக்கு வெளியே மெக்கானிக்கின் முகத்தில் சிரிப்பு பரவத் தொடங்கியது. இன்னும் கொஞ்ச நேரம் அப்படியே ஓடியிருந்தால் மூலை பிழைத்திருக்கும்.

நேரத்தை நிரப்புவதற்காக இயக்குநர் ஒலிவாங்கியை ஓவியரிடம் நீட்டினார். "ஓவியத்தப் பத்தி விருந்தினருக்கு நாலு வார்த்தை சொல்லுங்க ஆர்ட்டிஸ்ட்."

வாழ்நாள் முழுக்கக் காத்திருந்த வாய்ப்பு. கூடம் நிறைய ஆட்கள், கையில் ஒலிவாங்கி, பின்னால் சொந்த ஓவியம். இது உங்களைப் பழித்து வரைந்தது என்று ஒரு வரி போதும். ஓவியர் தொண்டையைச் செருமினார்.

"வந்து... இந்த ஓவியம், நம்ம அலுவலகம் ஆற்றிவரும் அரும்பணிய... என்னால முடிஞ்ச அளவுக்கு..."

அக்கா அப்போதுதான் தலையை நிமிர்த்தினாள். ஓவியத்தை முதன்முறையாகப் பார்த்தாள். டோக்கனைப் பார்த்தாள், மரத்தைப் பார்த்தாள், ஓரத்தில் நின்ற பெண்ணிடம் வந்ததும் அவள் பார்வை நின்றுவிட்டது.

"தம்பி, இது நானா?"

எல்லோரும் ஓவியரையே பார்த்தார்கள். "அது... அருள்வாக்கு உதவியாளர்," என்றார்.

அவ்வளவுதான், அக்கா வெடித்துவிட்டாள்.

"ஏண்டா, இத வரையவாடா உனக்கு வண்ணப்பெட்டி வாங்கிக் குடுத்தேன்? அவங்கள நாறடிக்கிறேன்னு எங்கிட்ட சொன்ன. நாறடிச்சவனுக்கு எவனாவது கேடயம் குடுப்பானாடா? நாங்க திட்டுனா மூஞ்சிக்கு நேரா நின்னு திட்டுவோம். கேட்டவனுக்கு ஒறைக்கும். நீ ஒளிஞ்சுக்கிட்டுத் திட்டுற, அதுவும் திட்டுனது தெரியாத மாதிரி திட்டுற! அவங்க சிரிச்சா நீயும் சேந்து சிரிக்கிற! கடைசியில நாறிப்போனது யாரு? ஆன்னு வாயப் பொளந்துக்கிட்டு அங்க நிக்கிறவதானே?"

இயக்குநர் பரபரப்பாக முன்னால் வந்தார். அவருக்கும் கிடைத்தது.

"உங்க சட்டைய நான்தான் தேய்க்கிறேன். காலர் அழுக்கு தெரியாம உள்ள மடிச்சுத் தேய்க்கச் சொல்வீங்க. மேம்பாடு மேம்பாடுன்னு நீங்க பண்றதும் அதேதான். தொவைக்கிறது இல்ல, மடிக்கிறது! " என்றவள் விருந்தினர் பக்கம் திரும்பினாள். "நீ யாருய்யா பெரிய மனுசா? அடுத்தவங்க சாமிய எடுத்து பொட்டியில வெக்கிறாங்க, நீ கொட்டாவி விட்டுக்கிட்டு உக்காந்திருக்க!"

சத்தம் அளக்கும் கருவி சிவப்பு விளக்கை எரியவிட்டு, கூவி, பிறகு அணைந்தே போயிற்று. குளிர்சாதனத்தின் உறுமல் கேட்கவில்லை. வெளியே பணிமனையின் ஹாரன்களும் கேட்கவில்லை.

அந்தக் கூடத்தில் ஓவியருக்கு மட்டும் ஒன்று தெரிந்தது. அக்காவின் உடம்பு உதறவில்லை. கண்கள் அகலத் திறந்திருந்தன, அவற்றிலிருந்து கண்ணீர் வழிந்துகொண்டிருந்தது. மூலைச்சாமி எத்தனையோ முறை வந்திருக்கிறார், ஒருமுறைகூட அழுததில்லை. இது சாமி இல்லை. இது அக்கா. கல் இல்லாமல், மரம் இல்லாமல், யார் துணையும் இல்லாமல் அவளே பேசுகிறாள். அத்தனை அவமானத்துக்கு நடுவிலும் ஓவியருக்கு அவளை நினைத்துப் பெருமையாக இருந்தது.

கூடம் அடங்கியதும் இயக்குநர் அவரை ஓரமாக இழுத்தார். "ஆர்ட்டிஸ்ட், நீங்க கூடப்பிறந்தவர், உங்களுக்குத்தான் தெரியும். இப்ப பேசினது யாரு? சாமியா, உங்க அக்காவா?"

"ஏன் சார்?"

"பதிவு பண்ணணும்ல? சாமின்னா ஒப்புதல். அக்கான்னா சிறப்பு விருந்தினர அவமதிச்ச குற்றம். காவலாளி ரெடியா நிக்கிறார். உங்க வேலையப் பத்தியும் அப்புறம் யோசிக்க வேண்டியிருக்கும்."

ஓவியர் அக்காவைப் பார்த்தார். அவள் முந்தானையால் முகத்தைத் துடைத்துக்கொண்டு நிமிர்ந்து நின்றாள். காவலாளியைக் கண்டு அவள் பயந்ததாகவே தெரியவில்லை.

"சொல்லுடா," என்றாள். "யாரு பேசினதுன்னு உனக்குத் தெரியும்ல? சொல்லு."

கண்ணாடிக்கு அப்பால் மெக்கானிக் நின்றார். அவருக்குப் பின்னால் மரம் தெரிந்தது. ஓவியர் கையிலிருந்த கேடயத்தை ஒருமுறை பார்த்தார்.

"சாமிதான் சார்," என்றார்.

கைதட்டல் எழுந்தது. "கூரைக்குக் கீழ! ஏசிக்கு நடுவுல! எவ்வளவு சரளமா!" என்று இயக்குநர் துள்ளினார். விருந்தினர் கண்கலங்கி, "என்னையா 'நீ யாருய்யா'ன்னு கேட்டது சாமி? என்ன பாக்கியம்!" என்று பக்கத்திலிருந்தவர்களிடமெல்லாம் சொல்லிக்கொண்டார். மெக்கானிக் தன் டோக்கனைக் கசக்கிக் கீழே போட்டுவிட்டுப் போனார். அக்கா கழுத்திலிருந்த அட்டையைக் கழற்றினாள். அதைத் தம்பியின் கேடயத்தின்மேல் வைத்துவிட்டு நடந்தாள்.

மறுநாளே மரம் போயிற்று, கல் நாற்காலிக்கு வந்து சேர்ந்தது. டோக்கன் வாங்கிக்கொண்டு யாரும் அதைத் திட்ட வருவதில்லை. பார்வையாளர்கள் படமெடுத்துக்கொண்டு போகிறார்கள். தெருவுக்கு மனக்குறை வந்தால் இப்போது நேரே இஸ்திரி வண்டிக்குத்தான் போகிறது. அக்கா கண்ணைத் திறந்து வைத்துக்கொண்டே, கையில் இஸ்திரிப் பெட்டியோடு, ஒவ்வொருவருக்கும் கொடுக்கவேண்டியதைக் கொடுத்து அனுப்புகிறாள். மெக்கானிக் வாரத்துக்கு ஒருமுறையாவது வந்து வாங்கிக்கொண்டு போகிறார். இயக்குநரின் ஓட்டுநர்கூட ஒருநாள் தலையைக் குனிந்து நின்றார். நல்லவேளையாக இந்த வழக்கம் இன்னும் அலுவலகத்தின் பார்வையில் படவில்லை.

நம் ஓவியருக்கோ மரியாதைக்குமேல் மரியாதை. கலைக்கூடம் மாடிக்கு மாற்றப்பட்டது. தலைமையக ஓவியம் முக்கால்வாசி முடிந்துவிட்டது; அதன் அங்கதம் முன்னதைவிடக் கூர்மையானது என்று தலைமையகத்தாரே பாராட்டுகிறார்கள். ஆனாலும் அவருக்குக் கிடைத்த மரியாதைகளுள் தலையாயது எது என்று கேட்டால் வேறொன்றைத்தான் சொல்ல வேண்டும். அவர் இப்போது ஒன்றுவிட்டு ஒருநாள் இஸ்திரி வண்டிக்குப் போகிறார். கசங்காத சட்டையையும் கசக்கி எடுத்துக்கொண்டு போகிறார். மற்றவர்கள் வாங்கிக் கட்டிக்கொண்டு சிரித்த முகமாகப் போவதை ஓரமாக நின்று பார்க்கிறார். நேற்று அவர் பொறுக்கமாட்டாமல், வேண்டுமென்றே குரலை உயர்த்தி, "என்ன இது, காலர் சரியாவே மடியலையே!" என்று அதட்டினார். அதட்டிவிட்டு, அடி வாங்கப் போகிற பிள்ளையைப்போல ஆவலோடு நின்றார்.

அக்கா சட்டையை வாங்கிப் பார்த்தாள்.

"மன்னிச்சுக்கங்க சார். சாயங்காலம் வாங்க, திரும்பத் தேய்ச்சு வெக்கிறேன்," என்றாள்.